வாகைப் பலகை அடுப்படி

அய்யா ராசா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. உன் கடிதம் நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்து விலாசத்துக்கே வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. நான் கேட்கிற பாவனையில் மேசைக்கு அடியில் வைத்துப் பிரித்துப் படித்தேன். பாதிக்கு மேல் என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, பிள்ளைகள் சட்டென்று வாயை மூடிக்கொண்டன. டீச்சர் யாரையோ அடிக்கப் போகிறார் என்று நினைத்திருக்கும். யாரை அடிப்பது என்று அப்போது எனக்கே பிடிபடவில்லை. இப்போது பிடிபட்டுவிட்டது.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எப்படி இருக்கிறது என்று கேள். நிச்சயதார்த்தம் முடிந்து, தமிழரசியும் அவள் அம்மாவும் அண்ணியும் அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்கு வந்து, கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்கப் போகிற நம் மாடிவீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அடுப்படிக்குள் வந்ததும் அந்தப் பெண் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதப் பேத்துட்டு செவப்பு சிமெண்டு போட்டுக்கலாமா? ஆஸ்பத்திரியில இருந்து வந்தா நல்லா தண்ணி ஊத்திக் கழுவிவிடத் தோதா இருக்கும்" என்று கேட்டிருக்கிறாள். நர்ஸ் வேலை பார்க்கிற பெண் கேட்க வேண்டிய கேள்விதானே? நீ அவள் அம்மாவையும் அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அது எங்கம்மா போட்ட தரை. அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று வெட்டிவிட்டாயாம். அதற்கு அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை, புரிந்துகொண்டாள் என்று வேறு எழுதியிருக்கிறாய். நானும் என் பங்குக்கு அவளுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட வேண்டுமாம். புரிந்துகொண்டாளாம்! கிழித்தாய், போ.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை படித்தபோது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. என் தரைக்கு என்ன குறைச்சல், நேற்று நிச்சயமான பெண் இன்றைக்கே கடப்பாரையைத் தேடுகிறாளே என்று மனசு பொருமியது. கொஞ்ச நேரம் உன் பக்கம்தான் நின்றேன். பிள்ளை தாயை விட்டுக்கொடுக்கவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கடிதத்தை உன் அப்பாவிடம் கொடுத்தேன். இந்த டி. கல்லுப்பட்டிக்கு எனக்கு மாற்றலானதிலிருந்து அவருக்கு இங்கே பேச ஆளே இல்லை, அதனால் உன் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பார். படித்துவிட்டு, "ஒன்னும் பேசலைன்னு எழுதியிருக்கான் பாரு, அந்த எடத்த இன்னொரு தரம் படி" என்று நீட்டினார். படித்தேன். அப்புறம்தான் எனக்கு உன் மேல் கோபம் வந்தது.

அந்தப் பலகைத் தரை ஏன் வந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். மதுரை வீட்டில் கீழே ஒரே அடுப்படி. அது உன் பெரியம்மாவுடைய ராஜ்ஜியம். நல்ல மனுஷி, எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை, ஆனால் அடுப்படி விஷயத்தில் கலெக்டர். காலையில் எழுந்து குளித்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவித் தள்ளி, அடுப்புக்குக் கோலம் போட்டு, தரை காய்ந்த பிறகுதான் தீப்பெட்டியைத் தொடுவார். அதுவரை யாரும் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. "தெய்வம் தங்குற எடம்டி, அவசரப்பட்டா ஆகுமா?" என்பார். தெய்வத்துக்கு அவசரமில்லை. எனக்குத் திருமங்கலம் பஸ் இருந்தது. திருமங்கலத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, அதற்கப்பால் நடந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். உலை கொதிக்கிற நேரத்தில் நான் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பன்னும் டீயும்தான் என் காலைச் சாப்பாடு, பல நாள் மத்தியானச் சாப்பாடும் அதுதான். ஒருநாள் வகுப்பிலேயே கண் இருட்டி கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது.

உன் பெரியப்பா பஞ்சாயத்து வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என்னைப் பார்த்துப் பேசவில்லை. உன் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "வீட்டுக்கு வந்த பொம்பள பட்டினியா பஸ் ஏறுனா ஊரு நம்மளத்தான் பேசும் தம்பி. எதுக்கு இந்தப் பாடு? வேலைய விட்டுறச் சொல்லு" என்றார். நான் அங்கேதான், அவருக்கு எதிரே, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். டீச்சர் டிரெயினிங் முடிக்க நான் பட்ட பாடும், வேலை உத்தரவு வந்த அன்று என் அம்மா வீட்டில் எல்லோருக்கும் கேசரி கிண்டியதும் நெஞ்சு வரைக்கும் வந்தது. வாய் வரைக்கும் வரவில்லை. ஒன்றும் பேசாமல் மாடிக்கு ஏறிப் போய்விட்டேன். உன் பெரியப்பாவும் நான் புரிந்துகொண்டேன் என்றுதான் நினைத்திருப்பார்.

மாடியில் உன் அப்பாவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "வேலைய விடுறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க அங்க வாயில என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் பாவம், அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்துகூடப் பழக்கமில்லாதவர். "மேலயே ஒரு அடுப்பப் போட்டா என்ன?" என்றார். ஒரு வீட்டில் இரண்டு உலை என்றால் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்று தெருவே பேசும். அப்படியிருந்தும் அவர் மறுநாள் கீழே போய்க் கேட்டார். என்ன பேசினார்களோ, பெரியப்பா கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "போட்டுக்கங்க. ஆனா மேல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி கீழ எறங்கக் கூடாது. எறங்குச்சு, அன்னைக்கே மேல அடுப்ப அணைச்சிட்டு எல்லாரும் பழையபடி கீழ வந்துறணும். அப்பறம் வேலை கீலைங்கிற பேச்சே எடுக்கக் கூடாது." இந்தத் தடவை என்னைப் பார்த்துக் கேட்டார். "சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன்.

மாடி அறையில் பழைய செங்கல் தளம் பெயர்ந்து மண்ணாகக் கிடந்தது. கொத்தனார் வந்து உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார். கல்லோ சிமெண்டோ ஏற்றினால் தாங்காது, பாரம் இல்லாமல் பலகை அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பலகையில் அடுப்படியா என்று எனக்கே திக்கென்றது. நான் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அடுப்படி என்றால் சாணி மெழுகிய தரை, இல்லையென்றால் சிமெண்டுத் தரை. ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் அப்பாவும் நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு மரக்கடை மரக்கடையாக ஏறினோம். அவருக்குக் கண் தேக்கு மேல்தான். தடவித் தடவிப் பார்ப்பார், விலை கேட்பார், ஜவுளிக்கடைச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு கையை எடுத்துக்கொள்வார். பெட்டி உடைத்த தேவதாருப் பலகை மலிவாக இருந்தது, ஆனால் நகத்தை வைத்து அழுத்தினாலே பள்ளம் விழுந்தது. எண்ணெய் சிந்தினால் அப்படியே குடித்துவிடும். மாம்பலகையும் கைக்கு எட்டுகிற விலைதான். கடைக்காரரே, "அடுப்படிக்கா? வண்டு வச்சிரும்மா, அப்பறம் என்னைய வையாதீக" என்று சொல்லிவிட்டார். நியாயமான மனுஷன்.

அந்த நேரம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா, திருமங்கலம் பக்கத்தில் பருத்தி மூட்டை அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கியைப் பிரிக்கிறார்கள், பரண் பலகை சும்மா போகிற விலைக்குக் கிடைக்கும் என்று சொன்னார். போய்ப் பார்த்தோம். எல்லாம் வாகைப் பலகை. வருஷக்கணக்காகப் பருத்தி மூட்டையைத் தாங்கி, ஆட்கள் மிதித்து மிதித்து வழுவழுவென்று இருந்தது. நெளிய வேண்டியதெல்லாம் எப்போதோ நெளிந்து முடிந்துவிட்டது, இனிமேல் அது எங்கேயும் போகாது. உன் அப்பா பலகையைச் சுண்டிப் பார்த்தார், ஓரத்தில் கண்ணை வைத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார், ஆண்பிள்ளைகள் பார்க்கிறபடியெல்லாம் பார்த்துவிட்டுச் சரி என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. பைக்குள்ளிருந்து வீட்டு அரிவாள்மணையை எடுத்தேன். பலகையைத் தரையில் இரண்டு கட்டை மேல் பரப்பச் சொல்லி, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கத்தரிக்காயை நறுக்க ஆரம்பித்தேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். உன் அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. "ஏய், எந்திரி. ஆளுக பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்தார். "பாத்துட்டுப் போகட்டும். நாளைக்கு இதுல உக்காரப் போறது நானா இவுகளா?" என்றேன். கத்தரிக்காய் முடிந்து வெங்காயம் நறுக்கினேன். அரிவாள்மணை ஆடவில்லை, பலகை அமுங்கவில்லை, எழுந்து நின்றபோது முழங்காலும் வலிக்கவில்லை. ஓர் ஆள், "யக்கா, கொழம்பு வச்சா எங்களுக்கும் ஊத்துங்க" என்றான். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உன் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினேன். மாட்டுவண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தோம்.

பெயர்ந்து கிடந்த தளத்தை வாரிவிட்டு, ஆசாரி உத்தரத்தின் மேல் பலகையை நெருக்கி அடித்தார். ஸ்டவ் வைக்கிற இடத்தில் தகரம் விரித்து அதன்மேல் செங்கல் பாவி, தீ பயத்துக்கு வழி பண்ணினார். பாத்திரம் கழுவுவதெல்லாம் வெளியே மொட்டைமாடிப் பக்கம். பலகைக்குப் பூச நல்ல எண்ணெய்க்குக் கையில் வசதி இல்லாததால் வேப்பெண்ணெயைப் பூசிவிட்டோம். அதுதான் தப்பு. மாதக்கணக்கில் சோறு, குழம்பு, உனக்கு ஆற்றிய பால் எல்லாம் வேப்பெண்ணெய் மணத்தது. நீ பாலைத் துப்பினாய். உன் அப்பா மட்டும், "நல்லாத்தான் இருக்கு, வயித்துக்கு நல்லது" என்று முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

பால் காய்ச்சுகிற நாளுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை. மூத்தவர் என்று பெரியம்மாவைத்தான் முதலில் மேலே வரச் சொன்னோம். பலகை அடுப்படி என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு மனசே ஒப்பவில்லை. "தண்ணி ஊத்தாத அடுப்படி என்னடி அடுப்படி? செட்டியார் கடைக் கல்லாப்பெட்டி மாதிரி தொடச்சு வச்சுக்குவியா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அன்றைக்கு மஞ்சள் கரைத்த தண்ணீர் குடத்தோடு படியேறி வந்தார். நான் ஸ்டவ்வுக்குத் திரி சரிபண்ணிக்கொண்டிருந்தேன். "கழுவாத தரையில பால் பொங்குனா வெளங்குமா?" என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் குடத்தை முழுசாகக் கவிழ்த்துவிட்டார்.

மஞ்சள் தண்ணீர் பலகை மேல் ஒரு கணம் பளபளவென்று நின்றது. அப்புறம் இடுக்கு இடுக்காகப் பார்த்து இறங்கிவிட்டது. எங்கே இறங்கும்? நேரே கீழே பெரியம்மாவுடைய அடுப்படியில்தான். அங்கே உன் பெரியப்பா இலை போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அடியே! மேல என்னடி நடக்குது? சாம்பாரெல்லாம் மஞ்சத்தண்ணி! தலையெல்லாம் ஊத்துது!" என்று கீழேயிருந்து ஒரே கத்தல். ஒரு சொட்டு என்று சொன்னவர் மேல் ஒரு குடம் இறங்கிவிட்டது. பால் காய்வதற்கு முன்னாலேயே என் அடுப்படி முடிந்தது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். உன் அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார். ராசா, உன் பெரியம்மாவுக்கு அப்போது வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சும்மா குடத்தோடு நின்றிருந்தாலே போதும். பழி என் தலையில் விழுந்திருக்கும், அவர் விரும்பாத அந்த அடுப்படியும் அன்றோடு ஒழிந்திருக்கும், அவருடைய ராஜ்ஜியத்துக்கு நானும் திரும்பிப் போயிருப்பேன்.

அவர் படிக்கட்டு வரைக்கும் போய்க் குனிந்து, "கத்தாதீக! நாந்தேன் ஊத்துனேன்! அவ ஒன்னும் பண்ணல. எலையத் தூக்கிட்டு நகந்து உக்காருங்க!" என்று அவரைவிடப் பெரிசாகச் சத்தம் போட்டார். கீழே சத்தம் நின்றுவிட்டது. திரும்பி வந்து என்னைப் பார்த்தார். "அப்ப இத எப்படித்தாண்டி சுத்தம் பண்ணுறது?" என்றார். "ஈரத் துணியால தொடைக்கணும்க்கா" என்றேன். "தொடைச்சா போதுமா?" என்றார். "போதும்க்கா" என்றேன். அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் என் கையிலிருந்த துணியை வாங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து அந்தப் பலகை முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் எழுந்தார். அப்புறம் பால் பொங்கியது. பெரியப்பா தலை துவட்டிக்கொண்டு மேலே வந்து, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, வேப்பெண்ணெய் வாடைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கிப் போனார். நிபந்தனையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் என் கையால் பொங்கிய சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் தெரியுமா? உன் பெரியம்மாவுக்கு அந்தத் தரை இன்று வரைக்கும் பிடிக்கவில்லை. போன பொங்கலுக்குக்கூட, "இந்தப் பலகையில எப்படித்தான் குடித்தனம் பண்ணுனியோ" என்றார். பிடித்து விட்டுக்கொடுப்பதில் என்ன இருக்கிறது, அதை யாரும் செய்வார்கள். அவர் பிடிக்காமலே விட்டுக்கொடுத்தார். அங்கே சமைக்கப் போவது இவள், அதனால் இவள் சொல்கிறபடி இருக்கட்டும் என்று விட்டார். அவர் அன்றைக்கு விட்ட இடத்தில்தான் நான் இத்தனை வருஷம் டீச்சராக நிற்கிறேன். நீ அந்தப் பலகையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பெரியப்பா என் வாயை அடைத்த மாதிரி அந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறாய். அதுவும் என் பெயரைச் சொல்லி அடைத்திருக்கிறாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தமிழரசி கேட்டதில் என்ன தப்பு? நாள் முழுவதும் ரத்தமும் சீழும் பார்த்துவிட்டு வருகிறவள், வீட்டுத் தரையில் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆசைப்படுகிறாள். கீழ் அடுப்படி உத்தரத்தில் விரிசல் கண்டபோது உன் பெரியப்பா பழைய உத்தரங்களை எடுத்துவிட்டு இரும்பு வைத்துவிட்டார், அதனால் அதற்கு மேலே இருக்கிற மாடி அறை இன்றைக்குச் சிமெண்டைத் தாங்கும். சிவப்புச் சிமெண்டு ஒன்றும் யானை விலை குதிரை விலையும் இல்லை. மேஸ்திரியைக் கூட்டிவந்து ஒருதரம் பார்க்கச் சொல். தண்ணீர் ஓட வாட்டம் வைக்கச் சொல், இல்லாவிட்டால் பெரியப்பா மறுபடியும் இலையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அடுப்பு மேடை எந்த உயரம், தொட்டி எந்தப் பக்கம், அலமாரி எங்கே என்று அவளை நிற்க வைத்துக் கேள். உன் உயரத்துக்கு அளந்து தொலைக்காதே. இல்லை, யோசித்துப் பார்த்து அவளே பலகை இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். அவள் சொல்ல வேண்டும், நீ சொல்லி அவள் தலையாட்டக் கூடாது. பேர்த்த பலகையில் அம்மா ஞாபகம் என்று முக்காலி செய்கிறேன், மணை செய்கிறேன் என்று எதையாவது கிளப்பி அவளைச் சங்கடப்படுத்தாதே. பலகை தேவைப்படுகிற வீடு ஊரில் எத்தனையோ இருக்கும், கொடுத்துவிடு. பேர்க்கிற அன்றைக்கு எனக்கு மனசு வலிக்கும். வலிக்கட்டும், அது என் பாடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூருக்குப் போ. அவள் அம்மாவையும் அண்ணியையும் உட்கார வைத்துக்கொண்டே கேள். அவர்களுக்கு முன்னால்தானே வெட்டினாய், அவர்களுக்கு முன்னாலேயே கேட்க வேண்டும். "அடுப்படிக்கு எந்தத் தரை வேணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார். அவள் உடனே சொல்ல மாட்டாள். ஒரு தடவை வெட்டுப்பட்ட பெண், எதுவா இருந்தாலும் சரிங்க என்றுதான் முதலில் சொல்வாள். அதை நம்பிப் பஸ் ஏறிவிடாதே. அவள் வாயிலிருந்து நிஜம் வருகிற வரைக்கும் உட்கார்ந்திரு, கொடுக்கிற காப்பியையெல்லாம் குடி.

கல்யாணம் முடிந்து நானும் அப்பாவும் மாடிக்கு வருவோம். அடுப்படி நிலைப்படிக்கு வெளியே நான் நிற்பேன். தமிழரசி, "உள்ள வாங்க அத்தை" என்று கூப்பிட்டால் உள்ளே வருவேன். கூப்பிட அவளுக்குக் கொஞ்சநாள் ஆனால் வெளியிலேயே உட்கார்ந்து கொடுக்கிறதைச் சாப்பிட்டுவிட்டுப் போவேன். எனக்குக் கோபம் வரும், வராது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தால் உன் அப்பாவிடம் காட்டிக்கொள்கிறேன், அவருக்குப் பழக்கம்தான். அவளிடம் காட்ட மாட்டேன். அது அவள் அடுப்படி.

உன் அம்மா